திச்சா மரத்தைப் பற்றி நான் சொன்ன பொய்கள்

முருகேசா,

நலம் விசாரிக்கிற நாலு வரியை நீயே இங்கே போட்டுக்கொள். என் முழங்கால் வலிக்கிறது, உன் அப்பா உட்கார்ந்தபடியே தூங்குகிறார், கரண்ட் வருகிறது போகிறது, நம் பேட்டைத் தாமுவே மார்க்கெட்டில் வெங்காயம் விற்கிறவள் இன்னும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மற்றபடி எல்லாம் நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது, என்ன, எல்லாமே கொஞ்சம் அசந்துபோய்க் கிடக்கிறது.

தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், ஒரு பக்கத்துக்கு ஒரு லீவு நாள் பிடிக்கும் என்று தெரியும். கோயிலில் நடந்த தமிழ் வகுப்புக்குப் போகச் சொன்னபோது நீ பந்தடிக்கப் போனாய், இப்போது அனுபவி. பர்மியத்தில் எழுதினால், அந்த அறையில் உன்னோடு படுத்திருக்கும் மற்ற ஐந்து பேரும் தோள்மேல் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, மின் மின்னோட அம்மா இவ்வளவு பெரிய பொய்க்காரியா என்று உன்னைக் கேலி செய்வார்கள். பள்ளிக்கூடத்தில் போட்ட பெயர் உனக்கு அங்கேயும் ஒட்டிக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் முருகேசனுக்குச் சொல்ல வேண்டியதை மின் மின்னுக்குச் சொல்ல வராது. அதோடு போனில் என்னால் உண்மை பேச முடிவதில்லை. உன் குரல் கேட்டதும் வாய் தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. தாளில் அப்படியில்லை. கை மெதுவாகத்தான் நகரும். ஒரு பொய்யை எழுதி முடிப்பதற்குள் வெட்கம் வந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய்: "அம்மா, நாள் முழுக்க இங்க மரம் அறுக்கிறேன். நாற்காலிக் கால், மேசைக் கால், கட்டில் கால். அங்க நான் வச்சது ஒண்ணாவது வளருதுல்ல, அதை ஒரு தடவ நேர்ல பார்த்துட்டு வந்துடறேன். தீபாவளிக்கு டிக்கெட் பார்த்தாச்சு. பத்தே நாள்." நான் என்ன சொன்னேன்? "வா ராசா, உனக்குப் பிடிச்ச மீன் குழம்பு வைக்கிறேன்" என்றேன். போனை வைத்த பிறகு உன் அப்பா என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாக அவர் ஒன்றும் சொல்லாமல் பார்க்கிற பார்வையோடு நான் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், ஆனால் அன்றைக்கு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வராதே. இதுதான் கடிதம். மீதியெல்லாம் ஏன் என்பதற்கு. பின் சந்தில் ஒரு பையன், உன்னைவிட ஒரு வயது குறைவு, அக்கா கல்யாணத்துக்கு என்று வெளிநாட்டிலிருந்து ஒரு வாரம் வந்தான். உள்ளே வரும்போது எவரும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போகிற அன்று ஏர்போர்ட்டில் ஏதோ தாள் போதவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் பெயர் இப்போது பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற ஒரு பட்டியலில் இருக்கிறதாம். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவன் அம்மா மெஷினில் தைத்துக்கொண்டிருப்பதை அப்படியே நிறுத்திவிடுகிறாள். உன் வயசுப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்களா என்று நம் வீட்டிலும் இரண்டு தடவை கேட்டுப்போனார்கள். "மலேசியாவுல இருக்கான்" என்று சொன்னபோது என் வாழ்நாளிலேயே முதல்முறையாக ஒரு உண்மையைப் பெருமையோடு சொன்னேன். இது உனக்குத் தெரியாததும் இல்லை. தெரிந்தும் வருகிறேன் என்கிறாய் என்றால், ஏதோ ஒன்று உன்னை இழுக்கிறது. அந்தக் கயிற்றைத் திரித்தவள் நான்தான். அதை நானே அறுக்க வேண்டும்.

நீ கலோ மலைக்குப் போய்வந்த அந்தக் குளிர் மாதத்தை நினைத்துப் பார். நண்பர்கள் எல்லாம் ஸ்ட்ராபெரியும் அவக்காடோவும் வாங்கிவர, நீ மட்டும் ஒரு காலுறை நிறையக் கொட்டைகளோடு வந்து நின்றாய். ஒவ்வொன்றும் தலையில் தொப்பி போட்ட மாதிரி. திச்சாக் கொட்டை என்றாய். வெள்ளைக்காரன் படத்தில் ஓக் மரம் என்று காட்டுவானே, அதன் நம் ஊர்ச் சொந்தக்காரன் என்றாய். உன் அப்பா ஒன்றை எடுத்துப் பல்லால் உடைத்துத் தின்று, துவர்ப்புத் தாங்காமல் மூன்று கோப்பை வெறுந்தேநீர் குடித்தார். நீ எங்களை உட்காரவைத்து ஒரு பிரசங்கம் செய்தாய்: ரோட்டோரத்து மழைமரம் வெளியிலிருந்து வந்தது, அது அங்கிருந்து வந்தது, இது இங்கிருந்து வந்தது, திச்சா மட்டும் இந்த நாட்டிலேயே பிறந்தது, இதை வைத்தால் அணிலுக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் வீடு. வாயில் துவர்ப்போடு உன் அப்பா கேட்டார்: "நம்ம குடும்பம் வந்து நாலு தலைமுறை ஆச்சு. இன்னும் ஆபீஸ்ல நம்ம அடையாளக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பாக்கறான். இந்தக் கொட்டைக்கு மட்டும் யாருடா கார்டு போட்டுக் குடுத்தது?" நீயும் நானும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மலையில் பிறந்தது இந்த யங்கோன் புழுக்கத்தில் வருமா என்று நான் கேட்டேன். மலையுச்சியில் பொறுக்கவில்லை அம்மா, அடிவாரத்தில் வெயில் அடிக்கிற இடத்தில் நிற்கிற மரத்திலிருந்து பொறுக்கியது, வரும் என்றாய். கொட்டைகளை வாளித் தண்ணீரில் போட்டு, மிதந்ததையெல்லாம் எறிந்துவிட்டு, மூழ்கியதை மட்டும் எடுத்தாய். தண்ணீர்க் குழாயை முழநீளத் துண்டுகளாக அறுத்து அதற்குள் நட்டாய். ஏன் தொட்டி இல்லை என்றதற்கு, இது முதலில் கீழேதான் போகும், மேலே ஒன்றும் தெரியாது, வேர் வளைந்தால் மரமே வளைந்தது மாதிரி என்றாய். தாய்மரத்தின் அடியிலிருந்து ஒரு பை மண்ணும் கொண்டுவந்திருந்தாய். அதில் வெள்ளை நூல் மாதிரி என்னவோ ஓடியது. பூஞ்சை பிடித்துவிட்டது என்று நான் அதைக் குப்பையில் கொட்டப் போனபோது நீ போட்ட கூச்சலில் மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த நூல்தான் வேருக்குச் சோறூட்டுகிறதாம். அதன் பிறகு உன் அப்பா என்னை யாரிடம் அறிமுகப்படுத்தினாலும், "இவங்க சோத்தைக் குப்பையில கொட்டப் பாத்தவங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

மூன்று முளைத்தன. அவை விரல் உயரம் வருவதற்குள் நீ கிளம்ப வேண்டியதாகிவிட்டது. குளிர்பெட்டியின் மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாய். மேடு பண்ணி அதில் நட வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது, தினமும் ஊற்றக் கூடாது, காய்ந்த இலையைச் சுற்றிலும் பரப்ப வேண்டும், தண்டில் படக் கூடாது, அடிமண்ணை மிதித்து இறுக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. அந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். எனக்காகத்தான் போட்டாய் என்று புரிந்தது, கோபமும் வந்தது.

முதல் கன்று செத்ததற்கு ஆடு தின்றுவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். தாமுவேயில் நம் சந்தில் ஆடு எங்கே இருக்கிறது? நீயும் கேட்கவில்லை. நடந்தது இது: நட்டு நான்கு மாதம் ஆகியும் அது வைத்த இடத்தில் வைத்த மாதிரியே நின்றது. அதே ஐந்து இலை. உயிரோடுதான் இருக்கிறதா என்று சந்தேகம். ஒரு நாள் காலையில், லேசாக, மிக லேசாக, இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. வேர் என் முழங்கை நீளம் இருந்தது முருகேசா. மேலே ஐந்து இலைக்காரன், கீழே அவ்வளவு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறான். திரும்ப வைத்து மண் தள்ளினேன், மன்னிப்புக் கேட்டேன், ஒரு வாரத்தில் கருகிவிட்டது. உன்னை வளர்த்ததிலும் எனக்கு இந்தப் புத்திதான் இருந்தது. நீ பத்தாவது படிக்கையில் பேசாமல் இருந்த அந்த ஒரு வருஷம், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் உன் பையைக் கிளறினேன், உன் நோட்டைப் படித்தேன், உன் நண்பனைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் உன்னிடம் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் ஒரு வருஷம் என்பது இரண்டு வருஷம் ஆனது. நாளைக்கு உனக்கும் பிள்ளை குட்டி என்று வரும். ஒன்றும் பேசாத பிள்ளையைப் பிடுங்கிப் பார்க்காதே.

இரண்டாவது கன்றை அலோன் பகுதியில் ஒரு டீச்சர் கேட்டார், கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அதுவும் பொய். மேடு பண்ணாமல் பள்ளமாக நட்டேன், மழையில் சாக்கடை பொங்கி நான்கு நாள் தண்ணீரில் நின்று அழுகிவிட்டது. அப்படியொரு டீச்சரே இல்லை. நீ அடிக்கடி அவரை விசாரிக்கிறாய். போன மாதம் அவருக்குக் கால் ஒடிந்துவிட்டது என்றுகூடச் சொன்னேன். மன்னித்துக்கொள், அவர் நலமாகவே இல்லாமல் இருக்கிறார்.

மூன்றாவது நன்றாக நின்றது. சந்துக்கும் சாக்கடைக்கும் நடுவே இருக்கும் அந்த மண் துண்டில், நீ சொன்ன மாதிரியே மேடு பண்ணி, இலை பரப்பி, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இரண்டாவது மழைக்கு முழங்கால் உயரம் வந்தது. அப்போதுதான் சாக்கடை தூர்வாருகிற ஆட்கள் அரிவாளோடு வந்தார்கள். கரையில் பச்சையாக எது தெரிந்தாலும் ஒரே வெட்டு. நான் கெஞ்சினேன், இது என் மகன் வைத்தது என்றேன். அவர்களில் மூத்தவன், "அக்கா, இந்தச் சந்துல எல்லாச் செடியும் யாரோ ஒருத்தர் மகன் வச்சதுதான்" என்றான். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. உள்ளே ஓடி, பொங்கலுக்கு எடுத்த மஞ்சள் துணியைக் கிழித்துத் தண்டில் கட்டி, குங்குமத்தை அப்பி, கையில் கிடைத்த எலுமிச்சம்பழத்தை முன்னால் வைத்து, "மேடோ இருக்கிற மரம் இது, வெட்டினா நான் பொறுப்பில்லை" என்று கத்தினேன். அம்மனை அவர்கள் சொல்லுகிற பெயரிலேயே சொன்னேன். கோயில் தீமிதியின்போது பாதிக் கூட்டம் பர்மியர்கள்தானே, அவர்களுக்குத் தெரியாத அம்மனா? அரிவாள் கீழே இறங்கியது. அந்த மூத்தவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அருள் வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு அடி பின்னால் போனார்கள்.

அத்தோடு துணியை அவிழ்த்திருக்க வேண்டும். அவிழ்க்கவில்லை. மறுநாள் காலை பக்கத்து வீட்டு டோ மியா ஒரு தேங்காயும் வாழைச்சீப்பும் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தார். அவர் வீட்டு நாட் தெய்வத்துக்கு எப்படி வைப்பாரோ அப்படி, சிவப்பும் வெள்ளையுமாகத் துணியும் கட்டினார். "மேடோ வந்திருக்காங்கன்னு நீ சொல்லவே இல்லையே, மின் மின் அம்மா" என்று கோபித்துக்கொண்டார். நேற்றுத்தான் வந்தார்கள் என்றேன். அதைவிட உண்மையாக வேறு எதுவும் சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் மார்க்கெட்காரிகள் வந்தார்கள். நம் ஆட்கள் பால் ஊற்றினார்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், விளக்கெண்ணெய் வழிந்தது. முழங்கால் உயரச் செடிக்கு இவ்வளவு கூட்டமா என்று எனக்கே பயம். ஊற்றாதீர்கள் என்று வாயைத் திறக்கலாம் என்று ஒவ்வொரு காலையும் வெளியே வருவேன். வந்து நிற்கிற முகங்களைப் பார்ப்பேன். பாதிக்கு மேல் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு நிற்கிற அம்மாக்கள். தாய்லாந்து, ஜப்பான், சிங்கப்பூர், எங்கே என்று தெரியாத இடம். கிளையில் நூல் கட்டிவிட்டு, காதோடு பேசுகிற மாதிரி இலையிடம் பேசுவார்கள். நான் எதைச் சொல்லி அவர்களை நிறுத்துவது? அதனால் பால் ஊற்றிய இடத்தில் எறும்பு வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

இதற்கு நடுவில்தான் நீ படம் கேட்டாய். முழங்கால் உயரத்தைப் படம் பிடித்து அனுப்பினால் நீ வாடிப்போவாய் என்று தோன்றியது. அந்த வாரம் உன் குரல் சரியாக இல்லை. அதனால் மத்தியான நேரத்தில், சந்தில் நடமாட்டம் இல்லாதபோது, தரையில் மல்லாந்து படுத்து, போனைக் கீழே வைத்து மேல்நோக்கிப் படம் எடுத்தேன். வானத்தைத் தொடுகிற மாதிரி வந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை, முழங்கால். டோ மியா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று முகர்கிற மருந்துக் குப்பியோடு ஓடிவந்து மூக்கில் திணித்துவிட்டார். மேடோவிடம் படுத்து வேண்டிக்கொண்டேன் என்றேன். அடுத்த வாரம் இரண்டு பேர் படுத்து வேண்டிக்கொண்டார்கள். நீயோ படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, என் உயரம் வந்துடுச்சே!" என்றாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நீ அப்படிச் சிரித்துக் கேட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மரத்தை நான் வளர்க்க ஆரம்பித்தேன். தோள் என்றேன், தலை என்றேன், கை தூக்கினால் எட்டுகிற உயரம் என்றேன். அணில் வந்தது என்றேன். அந்த அணிலும் டீச்சர் மாதிரிதான்.

அடுத்ததைச் சொல்லத்தான் கை வரமாட்டேன் என்கிறது. போன குளிர் மாதத்தில் ஓடு பதிக்கிற ஊ டின் வந்தார். மரத்தைச் சுற்றி மேடை கட்டலாம், வழவழ ஓடு பதிக்கலாம், மேடோ மண்ணில் நிற்கலாமா என்றார். தண்டை ஒட்டிச் சிமெண்டு போட்டால் மரம் மூச்சுவிடாது என்று எனக்குத் தெரியும். உன் தாள் குளிர்பெட்டியில் மஞ்சளாகிப் போயும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், "கல் வைக்கும்போது முதல் பேரு உங்க பேருதான். உங்க மகன் பேரும் போடலாம், தூரத்துல இருக்கிற பிள்ளைக்குப் புண்ணியம் போய்ச் சேரும்" என்றார். இந்த ஊரில் ஒரு தண்ணீர்ப் பானை வைத்தாலும் கொடுத்தவர் பெயரை எழுதுகிறார்கள். நாலு தலைமுறையில் நம் குடும்பத்தின் பெயரை எவரும் எந்தக் கல்லிலும் வெட்டியதில்லை. உன் தாத்தாவின் அப்பா ரயில் பாதை போட்டார், எந்தத் தண்டவாளத்தில் அவர் பெயர் இருக்கிறது? மயங்கிவிட்டேன் முருகேசா. "மகன் பேரு தமிழ்லயும் வரணும், பர்மியத்துலயும் வரணும்" என்று மட்டும் கேட்டேன். வந்தது. முருகேசன், அதற்குக் கீழே மின் மின். பளிங்கு மாதிரி ஓடு. உன் அப்பா ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. கல்லறை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அவரோடு மூன்று நாள் நான் பேசவில்லை.

வெயில் காலம் வந்தது. ஓட்டின் மேல் காலை வைக்க முடியாத சூடு. இலை ஓரத்திலிருந்து பழுப்பாகி உள்ளே வந்தது. பால் ஊற்றினால் ஓட்டின் மேல் ஓடிச் சாக்கடைக்குப் போனது, கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. மேடோ கோபமாக இருக்கிறார்கள் என்று கூடுதலாகப் பால் கொண்டுவந்தார்கள். சித்திரைத் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் எல்லா இலையும் கொட்டிவிட்டது. கட்டிய நூல்கள் மட்டும் குச்சியில் தொங்கின. அந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ கேட்டாய். "நிழல்ல உக்காந்துதான் பேசறேன்" என்றேன். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

மேடையை நானே உடைத்தேன். அதற்கும் இரண்டு வாரம் தைரியம் தேட வேண்டியிருந்தது. ஒரு காலையில் உன் அப்பா வேலை பார்க்கிற கிடங்கிலிருந்து இரும்புக் கம்பியை அவரையே கொண்டுவரச் செய்து, முதல் ஓட்டை நெம்பினேன். சத்தம் கேட்டு ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். எனக்குப் பைத்தியம் என்று ஒருத்தி சொன்னாள். வெங்காயம் விற்கிறவள் ஓவென்று அழுதாள். அவள் மகனிடமிருந்து செய்தி வந்து ஆறு மாதம். நான் கம்பியைக் கீழே போட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன், இங்கே மேடோ இல்லை, அரிவாளுக்குப் பயந்து நான்தான் துணி கட்டினேன், இது என் மகன் காலுறையில் கொண்டுவந்த கொட்டை. அடி விழும் என்றே நினைத்தேன். டோ மியாதான் முன்னால் வந்தார். இடுப்பில் கட்டியிருந்த லொஞ்சியை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடி, சேர்ந்து நெம்பலாம்" என்றார்.

நெம்பிக்கொண்டே அவரிடம் கேட்டேன், உங்களுக்குக் கோபம் இல்லையா என்று. "கோபமா? பொங்கல் துணியில மேடோ வருவாங்களா? அதுல எண்ணெய்க் கறை இருந்துச்சு. அன்னைக்கே தெரியும்" என்றார். பிறகு எதற்கு இவ்வளவு நாள் தேங்காய் வைத்தீர்கள்? அவர் கம்பியை அடுத்த ஓட்டுக்கு அடியில் நுழைத்தார். "வீட்டுல இருந்தா போனையே பாத்துக்கிட்டு இருப்பேன். இங்க வந்தா உங்க எல்லாரையும் பாக்கலாம்ல" என்றார். அவருடைய இரண்டு மகன்களும் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வெங்காயக்காரி மட்டும் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அவளிடமிருந்து நான் எடுத்ததை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

உன் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது, அதுவரை நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. மேலே காய்ந்தால் அடியில் விரல் அளவு விட்டு வெட்டிவிடு, வேர் உயிரோடிருந்தால் அது பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். வெட்டினேன். இறுகிய மண்ணைக் கரண்டியால் கிளறிவிட்டேன், காய்ந்த இலையைப் பரப்பினேன், போய்விட்டேன். தினமும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது பொய், பார்த்தேன், ஆனால் தொடவில்லை.

இந்த இடத்தில் இரண்டு நாளாகப் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மரம் செத்துவிட்டது, ஒன்றுமே இல்லை என்று எழுதி முடித்துவிட்டால் நீ வரமாட்டாய். சுலபம். என் பொய்களிலேயே இது ஒன்றுதான் உனக்கு உபயோகமானதாகவும் இருக்கும். உன் அப்பாவிடம் கேட்டேன். "மூணு வருஷமாப் பொய் சொல்லி அவனை வரவழைச்ச. இப்ப பொய் சொல்லி நிறுத்தப் பாக்கறியா?" என்றார். நீ போன பிறகு மனிதர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான், அதுவும் சரியாக இருந்து தொலைத்தது.

ஆகவே கேள். முதல் மழை விழுந்து மூன்றாவது வாரம், வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் செம்பு நிறத்தில் ஒரு மொட்டு வந்தது. இப்போது நான்கு இலை. என் மூன்று விரல் உயரம். கீழே அந்த நீள வேர் இன்னும் இருக்கிறது போல. இவ்வளவுதான் உன் மரம். தலைக்கு மேல் வளரவில்லை, நிழல் தரவில்லை, அணில் கிடையாது. அது வளர்வதற்கு நீ வர வேண்டியதில்லை, நான் சும்மா இருந்தால் போதும் என்று தெரிகிறது. சும்மா இருக்கத்தான் இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன். அசதியும் அதற்கு உதவுகிறது. தண்ணீர் தூக்கி, வரிசையில் நின்று, கரண்டுக்குக் காத்திருந்து, எல்லோரிடமும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி, பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது.

இனி மரத்தை வைத்து உன்னிடம் பேசவில்லை. நேராகக் கேட்கிறேன். அந்த டிக்கெட்டை விட்டுவிடு. அங்கேயே இரு. நாற்காலிக் கால் அறு, அலுத்துப்போ, முதலாளியைத் திட்டு, யாரையாவது பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொள், படத்தை அனுப்பு. உன் அப்பாவும் நானும் இன்னும் எத்தனை வருஷம் இருப்போம் என்று கணக்குப் போட்டு அதற்காகக் கிளம்பிவராதே. எங்களுக்காக வருகிற பிள்ளையை ஒரு பட்டியலில் தேடுகிற வேலை என்னால் ஆகாது.

நான் சொல்லியும் கேட்காமல் வந்து வாசலில் நின்றால் கதவைத் திறக்கமாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். அப்படி எழுதினால் நீ பயந்து நின்றுவிடுவாய். ஆனால் அது பொய் முருகேசா. நீ தட்டினால் நான் திறந்துவிடுவேன். அடுத்த வீட்டில் யார் பார்க்கிறார்கள், சந்து முனையில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் திறந்துவிடுவேன். அதனால்தான் வராதே என்கிறேன்.

அம்மா